தரம் பிரிக்கும் தந்திரம்

ஒரே பொருள் இரண்டு பெயர்களோடு சந்தைக்கு வரும்போது, இரண்டாவது பெயர் யாருடைய நன்மைக்காகச் சூட்டப்பட்டது என்று கேட்பது நம் கடமையாகும். 2025 செப்டெம்பரில் அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் தனது புதிய கைத்தொலைபேசிகளை வெளியிட்டது. ஐபோன் 17 என்பது ஒன்று. ஐபோன் 17 புரோ என்பது மற்றொன்று. அமெரிக்காவில் முன்னதன் தொடக்க விலை 799 டொலர். பின்னதன் விலை 1,099 டொலர். இவ்விரண்டில் எது வாங்கத்தக்கது என்னும் ஆராய்ச்சி உலகெங்கும் நடந்தது. பதுளைக் கடைத்தெருவிலும், பசறைக்கும் பண்டாரவளைக்கும் போகும் பேருந்துகளிலும் நம் இளைஞர்களும் இதே ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கக் காண்கிறோம். கம்பனி வகுத்துக் கொடுத்த வினாவுக்கு விடை தேடுவதிலேயே அவர்களுடைய கூர்மதி செலவாகின்றது. அந்த வினாவையே உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

முதலில் பொருளைப் பொருளாகவே நோக்குவோம். இரண்டின் திரையும் 6.3 அங்குலம். இரண்டும் விநாடிக்கு 120 தடவை வரை திரையைப் புதுப்பிக்கின்றன. இரண்டின் சேமிப்பளவும் 256 ஜிகாபைட்டில் தொடங்குகின்றது. புரோவில் தொலைவிலுள்ளதை அருகே காட்டும் மூன்றாவது வில்லை உண்டு; நினைவகம் சற்றுப் பெரிது; சில்லு சற்று வலியது. இவை மெய்யான வேறுபாடுகளே. பத்திரிகைப் படப்பிடிப்பாளருக்கும் திரைப்படம் எடுப்பவருக்கும் அவை பயன்படும். இதனை மறுப்பது நம் நோக்கமன்று.

ஆனால் எல்லா வேறுபாடுகளும் இத்தகையவையா? விநாடிக்கு 120 தடவை புதுப்பிக்கும் திரை ஐபோன்களில் முதன்முதலாக 2021இல் 13 புரோ வகைகளுக்கு வந்தது. சாதாரண வகைக்கு அது வந்து சேர்ந்தது 2025இல். இடையில் 13, 14, 15, 16 ஆகிய நான்கு தலைமுறைச் சாதாரண வகைகளும் 60 என்ற அளவிலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தத் திரை அத்துணை அரிய பொருளா? அதே 2021இல் ஷியோமி நிறுவனத்தின் ரெட்மி நோட் 10 புரோ, ஐபோன் 13 புரோவின் விலையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான விலையில் அதே 120ஐக் கொடுத்தது. கொடுக்க இயலாமையால் அன்று, கொடுக்க மனமின்மையாலேயே அது மறுக்கப்பட்டது.

கம்பி வழியாகத் தரவுகளை மாற்றும் வேகத்தைப் பாருங்கள். புரோவில் அது விநாடிக்கு 10 ஜிகாபிட். சாதாரண வகையிலோ 480 மெகாபிட்; அதாவது, 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யூ.எஸ்.பி. 2 அளவு. கால் நூற்றாண்டுக்கு முந்திய வேகத்தைப் புத்தம் புதிய பொருளில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 2022இல் ஐபோன் 14க்கு முந்திய ஆண்டின் சில்லையே கொடுத்து, புதிய சில்லைப் புரோவுக்கு ஒதுக்கினார்கள். 2023இல் புரோவின் சட்டகம் டைட்டேனியம் என்று பறை சாற்றினார்கள். 2025இல் புரோவே அலுமினியத்துக்குத் திரும்பியது. சாதாரண வகை என்றும் அணிந்திருந்த அதே அலுமினியந்தான்! நேற்று டைட்டேனியத்தின் புகழ் பாடிய வாய் இன்று அலுமினியத்தின் மகிமையைப் பாடுகின்றது. உலோகம் மாறினாலும் விலையேணி மட்டும் இறங்கவில்லை.

இந்தத் தந்திரம் நம் காலத்தில் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சு நாட்டுப் பொறியியலாளர் டுப்யூவி, புகையிரதங்களின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்கு ஏன் கூரை இல்லை என்று ஆராய்ந்தார். கூரை போடும் செலவு அற்பமானது. ஏழையை நனைப்பதிலும் கம்பனிக்கு இன்பமில்லை. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறாதபடி அச்சுறுத்தவே கூரை மறுக்கப்பட்டது என்பது அவர் கண்ட உண்மை. 1924இல் பதுளைவரை வந்து முடிந்த புகையிரதத்திலும் மூன்று வகுப்புகளை நாம் அறிவோம். எந்த வகுப்பில் ஏறினாலும் தெமோதரை வளைவைச் சுற்றித்தான் ஆக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறோம். கைத்தொலைபேசியின் சாதாரண வகை, கூரை கழற்றப்பட்ட பெட்டியே. அதன் குறை தற்செயலானதன்று. மேல்வகையை விற்பதற்காகவே அது திட்டமிட்டுச் செய்யப்பட்ட குறை.

தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடையை அறிந்த நம் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. அங்கே சல்லடை தூளைத் தரம் பிரிக்கின்றது. இங்கே விலை என்னும் சல்லடை மனிதரைத் தரம் பிரிக்கின்றது. பின்புறத்தில் இரண்டு வில்லையா, மூன்று வில்லையா என்பது, எதிரில் வருபவனின் தகுதியைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் நெற்றிக்குறியாகி விட்டது. சாதியின் அடையாளங்களை எதிர்த்த தலைமுறையின் பிள்ளைகள், கம்பனி அச்சிட்ட புதிய அடையாளத்தைத் தவணைக்கு வாங்கி அணிவதா?

இனிக் கணக்குக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கி, அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவித்தது. அந்தப் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு டொலர் 300 ரூபா என்று குறைத்தே மதித்து, வரியையும் வியாபாரியின் இலாபத்தையும் சேர்க்காமல் விட்டாலும், சாதாரண வகையின் விலை 2,39,700 ரூபா. புரோவின் விலை 3,29,700 ரூபா. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, உண்ணாமல் உடுக்காமல் உழைத்தால், முன்னதற்கு 137 நாட்கள்; பின்னதற்கு 188 நாட்களுக்கும் மேல். வேறுபாட்டுத் தொகையாகிய 90,000 ரூபாவுக்கு மட்டும் 51 நாட்களுக்கும் மேல் அவள் மலை ஏறி இறங்க வேண்டும். சிறிதளவு நினைவகத்துக்கும் ஒரு வில்லைக்கும் ஈடாக, அட்டைக்கடியும் மழையும் நிறைந்த 51 நாட்கள்!

“தொழிலாளியின் மகன் நல்ல பொருளை விரும்பக் கூடாதா? இது துறவிகளின் உபதேசமல்லவா?” என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. லயன் காம்பராவில் பிறந்தவனுக்கு உலகின் மிகச் சிறந்த கருவியைக் கையாளும் உரிமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. விஞ்ஞானம் மனித குலத்தின் பொதுச் சொத்து. அந்தச் சொத்தைக் கூறுபோட்டு, ஒரு கூற்றை வேண்டுமென்றே மட்டமாக்கி, அவனுடைய ஆசையையே அவனுக்கு எதிரான ஆயுதமாக்கும் வணிகத்தைத்தான் சாடுகிறோம்.

சாதாரணமா, புரோவா என்று ஒப்பிடுவோர் ஒப்பிட மறந்தவை எத்தனை! 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில், ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையச் சமிக்ஞை தேடிக் காட்டுவழியே மலையுச்சிக்கு நடந்தார்கள். சமிக்ஞை இல்லாத பள்ளத்தாக்கில் புரோவும் சாதாரணமும் ஒன்றே. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை விழுங்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டுபோனது. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற குறை அப்போதும் எழுந்தது. மலை சரியப்போகும் செய்தியை மக்களின் மொழியில் கொண்டுவராத கருவிக்கு மூன்று கண்கள் இருந்தென்ன, முப்பது கண்கள் இருந்தென்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒரு கைத்தொலைபேசி மாதிரியின் விற்பனை நின்ற பின்னரும் 7 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகங்களும், குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பித்தலும் கிடைக்க வேண்டும். எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானால் திருத்த முடியுமா என்பதே உழைப்பவனின் ஒப்பீடு. மலிவான கருவியை வாங்கி அடிக்கடி மாற்ற நேரும் ஏழைக்கே இத்தகைய சட்டம் முதலில் தேவை. நம் நாட்டில் இதனைக் கேட்டு எழும் குரல் போதுமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! கடைக்காரனின் விளம்பரத் தாளை வகுப்பறைக்குள் கொண்டு வாருங்கள். அதில் எழுதியிருப்பதைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே ஒரு நாட்சம்பளத்தையும் எழுதி, வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேறுபாடு உழைப்பால் விளைந்தது, எந்த வேறுபாடு மறுப்பால் விளைந்தது என்று பிள்ளைகளே பிரித்துக் காணட்டும். பாடசாலைக்குப் பொதுவான கருவிகள், ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் சமிக்ஞை, தமிழில் உடனடி எச்சரிக்கை, திருத்தும் உரிமைக்குச் சட்டம் என நாம் கேட்க வேண்டியவை நிரம்ப உள்ளன. கம்பனியின் வினாவை அதனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நம் வினாக்களை நாம் கேட்கத் தொடங்குவோம்.