எட்டிப் பார்த்தவரும் குடியிருந்தவரும்

2025 ஜூனில் எங்கள் கூமாப்பட்டி திடீரென்று புகழ் பெற்றது. சில நொடிகளே ஓடும் காணொளிகளில் நீரையும் பச்சையையும் கண்டவர்கள் வத்திராயிருப்புச் சாலையில் வண்டி வண்டியாக வந்தார்கள். பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதியில்லை என்பதை அணைவாசலில் அறிந்து, கண்மாய்க் கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நீரை எட்டிப் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அந்த நீர் எந்த மாதத்தில் எந்த மடைக்கு வரும், எந்தக் கரை முதலில் கசியும் என்பதெல்லாம் அங்கேயே கிடப்பவனுக்குத்தான் தெரியும். இதை யாரும் மறுக்கமாட்டார்கள். கடல் என்று வந்தவுடன் மட்டும் மறுக்கிறார்கள்.

அண்மையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாசக நண்பர்கள் சிலர் கூடியபோது, கடலடி ஆய்வகங்களில் நாட்கணக்கில் தங்கி வேலை செய்யும் விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசினேன். பேசி முடிப்பதற்குள் ஒருவர், “மீனுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுப்பதில் என்ன விஞ்ஞானம் அண்ணாச்சி? வல்லரசுகளின் வீம்பு. ஒரு இயந்திரத்தை இறக்கினால் போதாதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்கான பதில்தான் இது.

பதினெட்டு மீட்டர் ஆழத்திற்குச் சாதாரணக் காற்றுருளையுடன் இறங்கும் ஒருவர், இடையில் நிற்காமல் மேலே வர வேண்டுமென்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் தம் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். மீறினால், அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழிகளாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஆனால் சுமார் ஒரு நாள் ஆழத்திலேயே இருந்துவிட்டால் உடல் கொள்ளும் அளவு நைட்ரஜனைக் கொண்டுவிடுகிறது. அதற்குமேல் பத்து நாள் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும் மேலேறத் தேவைப்படும் காலம் ஒன்றேதான். புளோரிடாவின் பவளத்திட்டில் உள்ள அக்வேரியஸ் நிலையத்தில் அது சுமார் பதினேழு மணி நேரம். கட்டில் போடுவதன் காரணம் இதுதான். ஆறு பேர் பத்து நாள் அங்கே தங்கி, நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்வரை வெளியே நீந்தி வேலை செய்ய முடிகிறது. மேலிருந்து முங்கிவருபவருக்கு வாய்ப்பது ஒரு மணி நேரம். இதில் வீம்பு எங்கே இருக்கிறது?

வீம்பே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. 1962 முதல் 1965 வரை கூஸ்தோ கடலடியில் அமைத்த வீடுகளுக்குப் பிரெஞ்சு எண்ணெய்த் துறையின் பணமும் சேர்ந்தே வந்தது. அமெரிக்கக் கடற்படையின் மூன்றாம் சீலேப் 1969 பிப்ரவரியில் பெரி கேனன் என்ற முக்குளிப்பாளரைப் பலிகொண்டது. திட்டமும் அத்தோடு முடிந்தது. ஆனால் 1970இல் வர்ஜின் தீவுகளில், டெக்டைட் என்ற வீட்டில், சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் தங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தங்கியபோது மீன்களைத் தனித்தனி உயிர்களாக அடையாளம் காணத் தொடங்கியதாக ஏர்ல் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்கக் கொஞ்ச காலமாவது அந்தத் தெருவில் இருந்தாக வேண்டும்.

சரி, இது நமக்கு எதற்கு? கூமாப்பட்டியிலிருந்து தென்கிழக்கே போனால் தூத்துக்குடி. அதன் கடலடியில் முத்துச்சிப்பிகள் படியும் பார்கள் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அக்வேரியஸ் கிடக்கும் ஆழமும் இதற்குள்தான். அந்தப் பார்களில் சிப்பி சில ஆண்டுகள் கொட்டிக் கிடக்கும், பிறகு பல ஆண்டுகள் சொல்லாமல் மறைந்துவிடும். ஏன் என்று கண்டறிய 1902இல் ஹெர்ட்மனும் அவருடன் ஹார்னெலும் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்திற்கு வந்தார்கள். 1905இல் அங்கே முத்துக்குளிப்பு அமோகமாக நடந்தது. மறு ஆண்டு ஒரு ஆங்கிலக் கம்பெனி பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி போய்விட்டது, கம்பெனியும் போய்விட்டது. நம் பக்கத்தில் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு ஆய்வுகள் நடக்காமலில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தும் விளைவித்துக் காட்டினார்கள். ஆனால் பாரின் மேல் ஒரு பருவம் முழுவதும் இரவும் பகலுமாக இருந்து, சிப்பிக்குஞ்சு எப்போது ஒட்டுகிறது, எந்த மீன் தின்கிறது, எந்த நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடுகிறது என்று பார்க்க எவருக்கும் வாய்ப்பு அமையவில்லை. அதற்கான வீடு இந்தியக் கடலில் இதுவரை வைக்கப்படவில்லை.

நாம் வேறொன்றைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம். 2025 ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் நாட்டீல் கலத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் 5002 மீட்டரைத் தொட்டார். சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6000 மீட்டருக்கு அனுப்பும் மத்ஸ்யா கலத்தை உருவாக்கி வருகிறது. 2021இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு 4077 கோடி ரூபாய். அந்தப் பொறியாளர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கலத்தின் வழக்கமான பயணம் பன்னிரண்டு மணி நேரம். அதில் பெரும்பகுதி இறங்குவதிலும் ஏறுவதிலும் கழியும். ஆறாயிரத்தை எட்டிப் பார்க்கத் துணிந்த நாடு இருபது மீட்டரில் குடியிருக்க நினைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஆழத்திற்குத் தலைப்புச் செய்தி உண்டு. இருபது மீட்டருக்கு யார் தலைப்பு போடுவார்கள்?

இயந்திரம் போதாதா என்று கேட்ட நண்பருக்கு: இயந்திரம் நாம் கேட்ட கேள்விக்கு விடை கொண்டுவரும், வெப்பம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று. கேட்கத் தோன்றாத கேள்வி, சும்மா உட்கார்ந்திருப்பவன் கண்ணில்தான் படும். நம் முன்னோர் ஏரியில் குமிழித்தூம்பு வைத்தபோதும், மூழ்கிப் போய்த் திறக்க ஒரு மனிதனைத்தான் நியமித்தார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் இன்றும் அந்தக் கடலடியைக் கையால் தடவி அறிந்தவர்கள். காலில் கல்லைக் கட்டி ஒரே மூச்சில் பாரைத் தொட்டுவந்த பரம்பரை அது. அப்படியொரு வீடு அமையுமானால் முதல் கட்டிலில் விஞ்ஞானியும் இரண்டாவதில் இவர்களில் ஒருவரும் படுக்க வேண்டும் என்பேன். (நம் இலக்கியக்காரர்களுக்கு இடமில்லை. நெய்தல் என்று சொல்லிக் கரையில் நின்று காத்திருந்தே பழகிவிட்டோம். இருபது மீட்டர் நமக்கு அதிகம்.)

கூட்டம் கலையும்போது அதே நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டே, “அடியில் போய் உட்கார்ந்தால் முத்து திரும்பி வந்துவிடுமா?” என்று கேட்டார். வராமலும் போகலாம் என்றேன். ஏன் வரவில்லை என்பதாவது தெரியும் என்று நான் தொடர்வதற்குள் வத்திராயிருப்பு பஸ் வந்துவிட்டது.