ரப்பர் மரக் கதவும் ஒரு லிட்டர் சாயமும்

உங்கள் வீட்டு சமையலறை கெபினட்டில், கைப்பிடிக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தால் எண்ணெய். செதில் செதிலாகக் கையோடு வந்தால் சாயம். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் சேர்ந்தே வரும். தாளிப்பு, கருவாடு, சம்பால் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆவியாகப் போய் அந்தக் கதவில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதன் மேலேயே தீபாவளிக்கு முந்திய வாரம் அவசர அவசரமாகப் புதுச் சாயத்தை அடிக்கிறோம். தைப்பூசத்துக்குள் உரிய ஆரம்பிக்கிறது. உடனே, "மலிவுச் சாயம், அதான்" என்று டின்னைத் திட்டுகிறோம்.

வானொலியில் வீட்டுப் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எந்தச் சாயம் நீடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். எதன் மேல் பூசப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பல பேருக்குப் பதில் தெரியாது.

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களின் வீட்டில் அந்தக் கதவு ரப்பர் மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் மரத்தில் 25, 30 ஆண்டுகள் பால்வெட்டிய பிறகு, மறுநடவுக்காக வெட்டிச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அது விறகுக்குத்தான் போனது, அல்லது தோட்டத்திலேயே எரிந்தது. காரணம், அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாட்களிலேயே வண்டு துளைக்கும், பூஞ்சை பிடித்து நீலம் பாயும். அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது மேசை நாற்காலியாகவும் கெபினட் கதவாகவும் மாறி நம் நாட்டின் ஏற்றுமதிப் பொருளானது. பாட்டி விடியற்காலையில் வெட்டிய மரம் பேத்தியின் சமையலறையில் கதவாக நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தக் கதையில் சாயம் பூசுபவருக்கு ஒரு முக்கியமான சேதி இருக்கிறது. போரான் தண்ணீரில் கரையும். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவின் அடி விளிம்பு நனைந்துகொண்டே இருந்தால், மரத்துக்குள் இருக்கும் மருந்து மெல்ல வெளியேறிவிடும். அதனால் நாம் அழகுக்காகப் பூசும் முன்பக்கத்தைவிட, யாரும் பார்க்காத அடி விளிம்பில் பூசும் சாயம்தான் கதவைக் காப்பாற்றுகிறது. பழைய கதவைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது கதவுகளில் அந்த விளிம்பு வெறும் மரமாகவே இருக்கும்.

ரப்பர் மரமோ பிளைவுட்டோ என்றால் சாயம் பூசுவது லாபம். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகையும் பரவாயில்லை. ஆனால் அதன் விளிம்புகள் பஞ்சு போல் உறிஞ்சும், அங்கே மட்டும் பிரைமரை இரண்டு தடவை கொடுக்க வேண்டும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறை அடுப்புச் சூட்டில் பிரிந்து நிற்கிறதென்றால், உறையை முழுவதும் உரித்துவிட்டுப் பூசுங்கள். பாதி உரிந்ததன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. சிப்போர்டு தண்ணீர் பட்டு உப்பிவிட்டால் அதற்கு வைத்தியமே இல்லை, அந்தக் கதவை மட்டும் மாற்றிவிடுங்கள். பார்மைக்கா ஒட்டிய கதவு நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். எந்தச் சாயத்தையும்விட அது உறுதி.

இப்போது சாயத்துக்கு வருவோம். சுவருக்கு அடித்து மீந்ததைக் கதவுக்கு அடிக்காதீர்கள். சுவர்ச் சாயம் மென்மையானது. நம் சூட்டில் கதவும் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பிய்ந்துகொண்டு வரும். நம் அப்பாக்கள் பூசிய எண்ணெய் எனாமல் உண்மையில் கெட்டியான சரக்குதான். ஆனால் வாடை போக நாளாகும், வெள்ளை நிறம் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். கதவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். இன்று கடைகளில் மரத்துக்கும் உலோகத்துக்கும் என்று எழுதி விற்கும், தண்ணீரில் கரையும் எனாமல் கிடைக்கிறது. மஞ்சளாகாது, வாடை குறைவு, பிரஷ்ஷைக் குழாயிலேயே கழுவிவிடலாம். வீட்டில் நாமே பூசுவதற்கு என் ஓட்டு இதற்குத்தான். இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பியூ. ஆனால் அதில் கலக்கும் கெட்டிப்படுத்தியின் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. பட்டறையில் முகக்கவசம் போட்டு அடிக்க வேண்டிய சரக்கு அது, நம் வீட்டுப் பின்கட்டில் அடிக்க வேண்டாம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 40 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரமுள்ள எட்டுக் கதவுகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் நாலரை சதுர மீட்டர். சட்டங்களோடு ஆறு என்று வையுங்கள். இரண்டு பூச்சுக்குப் பன்னிரண்டு. ஒரு லிட்டர் சாயம் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை பிடிக்கும். ஆக, சாயம் ஒரு லிட்டர், பிரைமர் ஒரு லிட்டர். ஐந்து லிட்டர் டின்னை எடுக்கச் சொல்லும் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு வாருங்கள்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், வேலைக்குப் போக ஆரம்பித்த பிள்ளைகள் அம்மாவுக்கு என்று முதலில் செய்ய நினைப்பது புதுச் சமையலறை. நல்ல மனசு. ஆனால் தோட்டத்து வீடு நிர்வாகத்துடையது, அப்பா வேலை ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சுவரோடு பதித்த கெபினட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த வீட்டில் சிமெண்ட் மேடையும் நாலைந்து பலகைக் கதவுகளும்தான் இருக்கின்றன என்றால், தவணையில் மாட்டிக்கொள்ளாமல் கதவுகளுக்கு மட்டும் சாயம் பூசுங்கள். மீதிப் பணம் தாமானில் சொந்த வீட்டின் முன்பணத்துக்கு ஆகட்டும்.

பழைய கதவைச் சுரண்டும்முன் ஓர் எச்சரிக்கை. பழைய பளபளப்பு எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு போன்ற பளிச் நிறங்களில், ஈயம் இருக்கலாம். பழைய காலத்துப் பேச்சு என்று நினைக்காதீர்கள். 2016-இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம் கடைகளில் வாங்கிப் பரிசோதித்த வீட்டு உபயோக எண்ணெய்ச் சாயங்கள் பலவற்றில், பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்ற அளவைத் தாண்டி ஈயம் இருந்தது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எதிரி. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே உலர்ந்த கதவைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்தில் தேய்க்கும் தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். பழைய சாயத்தை நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது.

வேலையில் பாதி நேரம் கழுவுவதற்கே போகட்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும், ஆனால் சோப்பு முழுவதும் போகும்வரை நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும், கடையில் கெர்தாஸ் பாசிர் என்று கேட்டு வாங்கும் உப்புத்தாளில் 220 எண்ணை எடுத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். பிறகு பிரைமர். அதன் பிறகு சாயம், மெல்லிதாக இரண்டு பூச்சு. சந்தேகம் இருந்தால் ஒரு கதவின் உட்புறத்தில் மட்டும் பூசி, ஒரு வாரம் கழித்து செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சரேலென்று இழுத்துப் பாருங்கள். சாயம் டேப்போடு வந்தால் கழுவியது போதவில்லை, அல்லது பிரைமர் பொருந்தவில்லை.

டின்னில் எழுதியிருக்கும் நான்கு மணி நேரம் காற்றோட்டமான, உலர்ந்த நாளுக்கு. சாயங்கால மழை பெய்யும் நாளில் மறுநாள்வரை பொறுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே முழுவதும் இறுக ஒரு மாதம் வரை ஆகும். அதுவரை சோப்பும் ஸ்பாஞ்சும் வேண்டாம், மெல்லிய ஈரத்துணி போதும். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னதாகத் தொடங்கினால் சரியாக இருக்கும். அது எப்படியும் புரட்டாசியை ஒட்டியே வரும். விரதம் பிடிக்கும் வீடுகளில் மீன் பொரிக்கிற புகையும் இருக்காது. கதவைக் கழற்றும்போது, கீல் உட்காரும் குழிக்குள் பென்சிலால் எண்ணை எழுதி, அதன் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். எட்டுக் கதவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றி மாட்டினால் ஒன்றுகூடச் சரியாக மூடாது.