மலையின் எடையையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

பட்டு நெசவு ஊரான தேவிகாபுரத்திலிருந்து எழுதுகிறோம். கனககிரீஸ்வரர் கோயில் குன்றில் ஏறி மேற்கே பார்த்தால் தெரிகிற ஜவ்வாது மலையின் காப்புக்காடுகள் தங்கள் பொறுப்பில் உள்ளவை. ஆரணியைத் தொட்டுப் போகும் கமண்டல நாகநதியும், செய்யாறும் பிறப்பது அந்த மலையில்தான். பட்டில் பசை எடுப்பதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் தண்ணீரும் விறகும் இல்லாமல் ஆகாது. எனவே மேலே நிற்கும் காட்டைப் பற்றிக் கேட்க நெசவு ஊருக்கும் உரிமை உண்டு என்ற நம்பிக்கையில் இம்மடலை எல்லோரும் படிக்கத் திறந்தே வைக்கிறோம்.

எங்கள் குறை இதுதான். காடு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் பரப்பளவைச் சொல்கிறார்கள். 2021ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கையின்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர். மாநிலத்தின் நிலப்பரப்பில் 20.31 விழுக்காடு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு மரக்கவிப்பு தெரிந்தால் அது வனப்பரப்பாகிவிடும். நிலம் யாருடையது, நிற்பது என்ன மரம் என்ற கேள்வியே அங்கு எழாது. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தைலமரத் தோப்பும் கணக்கில் சேரும். வானத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வசதியான அளவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய மரங்கள் ஒவ்வொன்றாய்ப் போய் அந்த இடத்தில் புதர் மண்டினாலும், கவிப்பு அந்த வரம்புக்குக் கீழே இறங்காதவரை பரப்பளவு அசையாது.

எங்கள் தொழிலில் பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துத்தான் தறிக்கு வரும். நெய்த சேலையும் நிறுத்துத்தான் திரும்பப் போகும். முழம் போட்டுக் கணக்கை முடித்தால் எவ்வளவு பட்டு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மலையின் கணக்கு இன்றுவரை முழக்கணக்காகவே இருக்கிறது.

எடைக் கணக்குக்கு வனவியலில் உயிர்த்திரள் என்று பெயர். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடா வைத்து அளந்து, அதன் உயரத்தையும் கட்டையின் அடர்த்தியையும் சேர்த்து ஈரம் நீங்கிய எடையைக் கணிப்பார்கள். அதில் ஏறக்குறைய பாதி கரிமம். ஒரே பருமனுள்ள கருங்காலியும் கல்யாண முருங்கையும் ஒரே எடை ஆகாது. பரப்பளவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மாநில முழுமைக்குமான கரிமச் சேமிப்பை வன நிலை அறிக்கையே தருகிறது என்பதை அறிவோம். மாநிலத்தின் சராசரியை வைத்துக்கொண்டு எங்கள் மலை தேய்கிறதா வளர்கிறதா என்று சொல்ல முடியாது.

நெடுங்காலக் கணக்கின் அருமைக்குத் தமிழர்கள் குடியேறிய ஒரு சிறு தீவு நாட்டைச் சொல்லலாம். மொரீஷியஸில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கருங்காலியை வெட்டினார்கள். பின்னர் கரும்புக்காகக் காடு அழிந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு அத்தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மேலிருந்து பார்த்தால் பச்சைக்குப் பஞ்சமில்லை. நாட்டு மரங்களுக்கடியில் வெளியிலிருந்து வந்த ஒருவகைக் கொய்யா அடர்ந்து கிடக்கிறது. அங்கே 1930களில் வாகன், வீஹே என்ற இருவர் மக்காபே காட்டின் ஒரு துண்டில் மரங்களை எண்ணிப் பதிந்து வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்ணிக்கை இருந்தது. நாட்டு மரங்கள் சரிந்திருப்பதை ஊகமாக இல்லாமல் கணக்காகவே சொல்ல முடிந்தது. களையெடுத்து வேலியிட்ட துண்டுகளை அந்நாடு பராமரிப்பதற்கும் அப்படிப்பட்ட பதிவுகளே துணை.

நம் பக்கமும் செலவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. 1997இல் ஜப்பானிய நிதியுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கி, கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது; அப்போது 23.7 விழுக்காடாக இருந்த வன, மரப்பரப்பை 33 ஆக்குவது அதன் இலக்கு. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை விழா மேடைகளில் சொல்லப்படுகிறது. அந்த முதல் திட்டத்தில் நட்டவை இன்று உயிரோடு இருந்தால் கால் நூற்றாண்டு மரங்கள். அவற்றில் எத்தனை நிற்கின்றன, என்ன எடை நிற்கிறது என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. கன்று நடுவதைவிட மரத்தை அளப்பது புகைப்படத்துக்கு அழகு குறைந்த வேலைதான்.

தங்களால் இதைச் செய்ய முடியும். புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பத்தாண்டுச் செயல்திட்டம் உண்டு. காட்டிலுள்ள மரவளத்தை அளந்துதான் அதை எழுத வேண்டும் என்பது தேசிய விதிமுறை. நடப்புத் திட்டத்திலும் அதற்கு முந்தையதிலும் உள்ள மரவள அட்டவணைகளைச் சரகவாரியாக, தமிழில், பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெளியிடுமாறு வேண்டுகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆவது பிரிவு, கேட்பதற்கு முன்பே தரச் சொல்கிறது. சந்தன மரங்கள் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிவிட்டே தாருங்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

அடுத்து, மலையின் பல பகுதிகளில் நிலையான மாதிரித் துண்டுகளைக் குறித்து, மரங்களுக்கு எண்ணிட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே மரங்களை அளக்க ஆணையிடுங்கள். அதிகாரி மாறுவார்; துண்டு மாறக்கூடாது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களைக் கூலிக்கு அமர்த்துங்கள். மரத்தின் பட்டையைப் பார்த்தே பெயர் சொல்பவர்கள் அவர்கள். தோட்டமாக நட்ட தைலமரத்தையும், பரவிய உண்ணிச்செடியையும் இயற்கைக் காட்டோடு கூட்டாமல் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். அந்நியக் களைச்செடிகளை அகற்ற 2022இல் மாநில அரசு கொள்கையே வகுத்திருப்பதால், களையெடுத்த துண்டில் பிறகு என்ன வளர்ந்தது என்பதும் அதே கணக்கில் ஏறட்டும்.

ஓர் அச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். கரிமத்துக்குச் சந்தை வந்துவிட்ட காலம் இது. எடை குறைந்திருப்பதாகத் தெரிந்தால் சுள்ளி பொறுக்கும் மலைப்பெண்கள் மேல் பழி விழக்கூடாது. கூடியிருந்தால் அதை எங்கோ விற்று மக்களை வெளியேற்றவும் கூடாது. கோடையில் எரியும் தீ, மேய்ச்சல், வெட்டு, மழைக்குறைவு எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதாமல் எடையை மட்டும் வெளியிட வேண்டாம் என்பதும் எங்கள் கோரிக்கை.

அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைகளுக்கு வனச்சரகர் ஒருவரை அனுப்பி, கையிலிருக்கும் அட்டவணையையேனும் வாசிக்கச் செய்யுங்கள். மலையடிவாரத்து ஊராட்சிகளில் தொடங்கினால் போதும். தேவிகாபுரத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தேவிகாபுரம் நெசவாளர் தெருவிலிருந்து