குளித்த தண்ணீர் எங்கே போகிறது?



செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் அதுவும் இடம்பெற்றது. அங்குள்ள கல்யாண மகாலுக்கு அந்தக் காலத்திலேயே சுடுமண் குழாய்கள் மூலம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை!

இன்று செஞ்சிக்கு வடக்கே உள்ள சீயமங்கலம் போன்ற கிராமங்களிலும் குழாய்த் தண்ணீர் வருகிறது. வரும் தண்ணீரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். போகும் தண்ணீரைப் பற்றி யோசித்தோமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் தர வேண்டும் என்பது அரசின் திட்டம். பயன்படுத்தும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் கணக்கு. அதாவது 44 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் 220 லிட்டர். கிட்டத்தட்ட 15 குடம், தினமும்!

'தெருவில் விட்டால் போயிடும்' என்கிறோம். போகாது. மேட்டுத் தெருவில் விட்ட தண்ணீர், பள்ளத்தில் இருக்கும் வீட்டு வாசலில் போய்த் தேங்கும். அந்த வீட்டிலும் உங்களைப் போல ஒரு பிள்ளை இருக்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, இப்படித் தேங்கும் அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும். மிச்சத் தண்ணீர் ஏரிக்குப் போகும். அந்த ஏரியை நம்பித்தானே வயலும் கிணறும் இருக்கின்றன?

இதற்கு வழி என்ன? எளிய வழி உறிஞ்சிக் குழி. குழி வெட்டி, அடியில் பெரிய கல், அதன்மேல் சிறிய கல், அதற்கும் மேல் மணல் போட வேண்டும். தண்ணீர் வரும் வாயில், ஓட்டை போட்ட பானையில் தேங்காய் நார் வைத்தால், எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் அதில் தங்கிவிடும். நாரை அவ்வப்போது மாற்ற வேண்டும். கழிப்பறைத் தண்ணீரை இதில் விடவே கூடாது. கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் பக்கத்தில் குழி வெட்டவும் கூடாது.

செஞ்சிப் பக்கம் பாறை அதிகம். பாறைப் பூமியில் தண்ணீர் இறங்காதே என்கிறீர்களா? சரியான கேள்வி. அங்கே குளித்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் வாய்க்கால் வெட்டி விடலாம்.

ஊர் முழுவதற்கும் செய்யவும் வழி உண்டு. புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில், கழிவுநீரைத் தொட்டிகளில் தெளியவைத்து, செடிகள் வளரும் ஜல்லிப் படுகை வழியாக அனுப்புகிறார்கள். ஜல்லியிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. அந்தத் தண்ணீரில்தான் அங்கே தோட்டம் பசுமையாக இருக்கிறது.

கிராமங்களின் கழிவுநீருக்காகவும் அரசு பணம் ஒதுக்குகிறது. 2020-ல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் இந்த வேலையும் சேர்க்கப்பட்டது. ஆனால், கேட்டால்தானே கிடைக்கும்? மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அதையொட்டித் தமிழகத்தில் கிராம சபை கூடுவதுண்டு. 'நம்ம தெருத் தண்ணீர் யார் வாசலில் நிற்கிறது என்று அங்கே கேளுங்கள்' என அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதற்கு முன் நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுத் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து போங்கள். அது எங்கே நிற்கிறது, யார் வீட்டு முன்னால் நிற்கிறது என்று ஒரு படம் வரையுங்கள். அந்தப் படத்தை வகுப்பில் ஆசிரியரிடமும், ஊரில் பஞ்சாயத்துத் தலைவரிடமும் காட்டுங்கள்.

நம் வீட்டு அழுக்கு அடுத்த வீட்டு நோயாகக் கூடாது. சரிதானே, குட்டீஸ்?

அன்புடன்,
ஆசிரியர்