சைட்மேப்பில் எதைப் போடுவது, எதை விடுவது?

கருத்துக்களம் நடத்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். "நம்ம களம் தேடுபொறியில வரவே மாட்டேங்குது" என்று புலம்புவார்கள். யாராவது ஒரு புண்ணியவான் "சைட்மேப் போடுங்க, சரியாயிடும்" என்பார். உடனே ஒரு செருகுநிரலை நிறுவி, கிடைத்த முகவரியையெல்லாம் அள்ளிக் கொட்டி, கூகுளிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் காலையிலிருந்து கூட்டம் வரும் என்று காத்திருப்பார்கள். வராது.

என் கருத்து இதுதான் மக்களே. சைட்மேப் போடுவது செருகுநிரலிடம் விட்டுவிடுகிற வேலை கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் நம் களத்தில் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று நிர்வாகி உட்கார்ந்து முடிவு செய்கிற வேலை அது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சைட்மேப் என்பது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரியும், ஒவ்வொன்றும் கடைசியாக மாறிய தேதியும் அதில் இருக்கும். கூகுள் இதை 2005 ஜூனில் கொண்டுவந்தது. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் அதே வடிவத்தை ஏற்றுக்கொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம், அளவு 50 எம்பியைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் பல கோப்புகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் சுட்டும் தலைமைக் கோப்பு ஒன்று வைக்க வேண்டும். சைட்மேப்பில் இருப்பதாலேயே ஒரு பக்கம் தேடலில் வந்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. தரவரிசையும் ஏறாது. "இங்கே ஒரு வீடு இருக்கிறது" என்று தபால்காரருக்குச் சொல்வது போலத்தான்.

அப்படியானால் எதற்கு இது? 500 பக்கத்துக்குள் அடங்கும் சின்னத் தளம் என்றால், பக்கங்கள் ஒன்றையொன்று ஒழுங்காகச் சுட்டினாலே போதும், சைட்மேப் தேவைப்படாமல் போகலாம் என்று கூகுளே சொல்கிறது. ஆனால் கருத்துக்களத்தின் கதை வேறு. 2000-இல் தொடங்கி இன்றுவரை பலரும் பயன்படுத்தும் பிஎச்பிபிபி மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி எதையும் மாற்றாமல் விட்டால் ஒரு பட்டியல் பக்கத்தில் 25 திரிகள் வரும். ஒரு பிரிவில் 10,000 திரிகள் இருந்தால் பட்டியலே 400 பக்கம். கடைசியாக யார் பதில் போட்டார்களோ அந்தத் திரி மேலே வந்துவிடும், மற்றதெல்லாம் கீழே இறங்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இரண்டு இரவு விழித்து எழுதிய அருமையான விளக்கம் 387-ஆம் பக்கத்தில் கிடக்கும். மனிதரும் அங்கே போகமாட்டார், தேடுபொறியின் சிலந்தியும் லேசில் போகாது.

இங்கேதான் சைட்மேப் கைகொடுக்கிறது. 387-ஆம் பக்கத்தில் இருப்பதும் முதல் பக்கத்தில் இருப்பதும் அதில் ஒரே மாதிரி ஒரு வரிதான். காசு வாங்காமல் அடுத்தவருக்காக எழுதிய ஒருவரின் உழைப்பை, அது தேவைப்படுகிற இன்னொருவர் கண்ணில் படவைக்கிற வழி இது. இதற்காகவே நிர்வாகிகள் இதைச் சிரத்தையாகச் செய்ய வேண்டும்.

சரி, அள்ளிக் கொட்டினால் என்ன தப்பு?

முதல் சிக்கல், ஒரே பக்கத்துக்குப் பல முகவரி. பிஎச்பிபிபியில் திரிக்கு ஒரு முகவரி உண்டு. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் தனி முகவரி உண்டு. எதைச் சொடுக்கினாலும் வருவது அதே பக்கம்தான். பத்துப் பதில் உள்ள திரிக்குப் பதினோரு முகவரி! பழைய 2-ஆம் பதிப்பில் இன்னும் மோசம். முகவரியின் வாலில் நீளமாக ஒரு அமர்வு எண் ஒட்டிக்கொள்ளும், வருகிறவருக்கு வருகிறவர் அது மாறும். 2007 டிசம்பரில் வந்த 3-ஆம் பதிப்புதான் சிலந்திகளை அடையாளம் கண்டு அந்த வாலை வெட்டியது. இதையெல்லாம் சைட்மேப்பில் போட்டால் சிலந்தி ஒரே வீட்டைப் பதினோரு வாசல் வழியாகச் சுற்றிவிட்டுக் களைத்துப் போகும். பக்கத்து வீடு அப்படியே இருக்கும். திரிக்கு ஒரே முகவரி, அதையே பக்கத்தின் கேனானிக்கல் குறிச்சொல்லிலும் கொடுங்கள். அந்தக் குறிச்சொல்லை 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். திரி பல பக்கம் நீண்டால் அந்தந்தப் பக்கத்துக்கு அதனதன் முகவரி.

இரண்டாவது, பொய்த் தேதி. சில செருகுநிரல்கள் தினமும் இரவு எல்லா முகவரிக்கும் அன்றைய தேதியைப் போட்டுவிடும். அப்போதுதான் சிலந்தி ஓடிவருமாம்! "புலி வருது, புலி வருது" கதைதான். கூகுள் அந்தத் தேதியை நம்புவது, அது தொடர்ந்து உண்மையாக இருக்கும்போது மட்டும்தான். திரியில் கடைசிப் பதில் வந்த நாள், அல்லது திருத்தம் நடந்த நாள், அதுதான் தேதி. எவ்வளவு அடிக்கடி மாறும், எவ்வளவு முக்கியம் என்று சொல்ல இன்னும் இரண்டு குறிச்சொற்கள் உண்டு. கூகுள் அவை இரண்டையும் கண்டுகொள்வதே இல்லை. எல்லாத் திரிக்கும் முக்கியத்துவம் 1.0 என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது :)

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரியது. சைட்மேப் ஒரு பொதுக் கோப்பு. கூகுள் மட்டுமல்ல, நீங்களும் நானும் திறந்து படிக்கலாம், எந்த நிறுவனத்தின் சிலந்தியும் படிக்கலாம். அதைத் தயாரிக்கும் நிரல் தரவுத்தளத்தை நிர்வாகியின் அனுமதியோடு படித்தால், உறுப்பினர் மட்டும் பார்க்கும் பிரிவிலிருக்கும் திரிகளும் பட்டியலில் வந்துவிடும். உள்ளே போக முடியாவிட்டாலும், பல மென்பொருளில் தலைப்பு முகவரியிலேயே இருக்கும். "வேலையை விடலாமா", "மனநல மருத்துவரைப் பார்க்கணுமா" என்று நாலு பேரை நம்பி ஒருவர் போட்ட தலைப்பு ஊருக்கே தெரியும். தமிழ்த் தலைப்பு என்றால் யாருக்கும் புரியாது என்று நினைக்காதீர்கள். "தமிழ்" என்ற ஒரு சொல் முகவரிக்குள் குறியீடாக மாறும்போது 45 எழுத்தாக நீளும். பார்க்க ஏதோ சங்கேதம் மாதிரி இருக்கும். உலாவியில் ஒட்டினால் மறுபடி அழகான தமிழாகிவிடும்.

"ரோபாட்ஸ் கோப்பில் தடை போட்டிருக்கிறோமே" என்பார்கள். அது 1994-லிருந்து இருக்கும் ஒரு மரியாதை ஏற்பாடு. மதிப்பவர் மதிப்பார், அவ்வளவுதான். பூட்டு கிடையாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பக்கத்தில் "தேடலில் காட்டாதே" என்ற குறிப்பை வைத்துவிட்டு, ரோபாட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்தால், சிலந்தி உள்ளே வராது. குறிப்பைப் படிக்கவும் படிக்காது. மறைக்க வேண்டியதைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைப்பதுதான் வழி.

"தம்பி, எது நல்ல பக்கம் என்று தேடுபொறிக்குத் தெரியாதா? அது பார்த்துக்கொள்ளும், நாம் எல்லாவற்றையும் கொடுப்போம்" என்று சிலர் வாதாடுவார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. பதிலே வராத கேள்வியை நான் உடனே தூக்கமாட்டேன். பதில் தெரிந்தவரே தேடல் வழியாக வந்து சேரலாம். ஒரு வருடம் பார்த்துவிட்டு எடுக்கலாம். ஆனால் எது நல்ல எழுத்து என்று தேடுபொறி ஒருவேளை கண்டுபிடித்தாலும், எழுதியவர் யாரை நம்பி எழுதினார் என்பதை அது கண்டுபிடிக்கவே முடியாது. அது களத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நுழையாத விருந்தினர் பார்க்கக்கூடிய திரிகளை மட்டும், விருந்தினரின் அனுமதியிலேயே எடுங்கள். உறுப்பினர் விவரப் பக்கம், தேடல் முடிவுகள், "டெஸ்ட்" திரிகள் எல்லாம் வேண்டாம். முகவரியில் வரும் "&" குறியை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் கோப்பே பிழை காட்டும். தினம் ஒருமுறை தானாகப் புதுப்பிக்கட்டும். ரோபாட்ஸ் கோப்பில் சைட்மேப்பின் முழு முகவரியை ஒரு வரி எழுதுங்கள், 2007-லிருந்து இந்த வசதி உண்டு. மாற்றத்துக்கு மாற்றம் கூகுளுக்குத் தகவல் தட்டும் பழைய 'பிங்' வேலையை நம்ப வேண்டாம். அதை நிறுத்துவதாக 2023-இலேயே கூகுள் அறிவித்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. பழைய பிரிவு எதையாவது புதிதாகத் திறப்பதாக இருந்தால் உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "இதைத் தேடுபொறிக்குக் கொடுக்கப்போகிறோம், எடுக்க நினைப்பவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாதம் அறிவிப்புப் போட்டால் போதும். எழுதியது அவர்கள். நாம் இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் திட்டலாம். ஆட்டோ மட்டும் அனுப்ப வேண்டாம், அடுத்த மாதம் பரீட்சை இருக்கிறது :)