ஒரு சுருள், இரண்டு வேலை

கறுப்பு வெள்ளை பிலிமின் கதை முடிந்தது என்று பலமுறை எழுதியாகிவிட்டது. 2012-ல் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 1960-ல் தொடங்கி, ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் தாளும் தயாரித்த அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் டிரை-எக்ஸ், எச்பி5 பிளஸ் போன்ற சுருள்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

மாறியிருப்பது வேலை முறைதான். முன்பெல்லாம் நெகடிவ் நேரே என்லார்ஜருக்குப் போகும். இப்போது முதலில் ஸ்கேனருக்குப் போகிறது. அதில் தேறுபவை மட்டுமே இருட்டறைக்கு. இந்தியாவில் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கையே நம்ப வேண்டியிருப்பதால் 36 படச் சுருள் ஒன்றை வீணாக்கினாலும் கை கடிக்கும். இரண்டு வேலைக்கும் ஒத்துவரும் பிலிம் எது?

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, படம் வெள்ளியாலேயே நிற்கும் வழக்கமான பிலிம். மற்றது, கலர் பிலிமுக்கான சி-41 முறையில் கழுவப்படும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். இதில் கடைசியில் மிஞ்சுவது சாயம் மட்டுமே.

ஸ்கேனருக்குச் சாயம்தான் செல்லப்பிள்ளை. பல ஸ்கேனர்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி தூசியையும் கீறலையும் கண்டுபிடித்துத் தாமே அழிக்கின்றன. சாயத்தை ஊடுருவும் அந்த ஒளியை வெள்ளி தடுத்துவிடுகிறது. ஆகவே வெள்ளி நெகடிவில் ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்துக்கொள்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு, புள்ளி புள்ளியாகக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

எக்ஸ்பி2 இருட்டறையிலும் காலை வாருவதில்லை. 2014-ல் நிறுத்தப்பட்ட கோடாக்கின் பிடபிள்யூ400சிஎன்னில் இருந்த ஆரஞ்சுப் பூச்சு இதில் கிடையாது. மல்டிகிரேடு தாளில் சுலபமாக பிரிண்ட் வரும். சிக்கல் வேறு இடத்தில். கலர் லேப்கள் அருகிவிட்டன. சாயம் காலப்போக்கில் மங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். நன்றாகக் கழுவிப் பத்திரப்படுத்திய வெள்ளி நெகடிவ் அதைவிட நீண்ட காலம் நிற்கும். பேரப்பிள்ளைகள் கைக்குப் போக வேண்டிய குடும்பப் படம் என்றால் இது சின்ன விஷயமில்லை.

வெள்ளி பிலிமிலும் தேர்வு உண்டு. டி-மேக்ஸ் 400, டெல்டா 400 ஆகியவற்றில் துகள் நுண்மையானது. ஸ்கேனர் துகளைப் பெரிதுபடுத்திக் காட்டும் என்பதால் இது லாபம். ஆனால் டெவலப் செய்யும் நேரமும் வெப்பமும் சற்றுப் பிசகினாலும் இவை கோபித்துக்கொள்ளும். பழைய பாணி டிரை-எக்ஸும் எச்பி5 பிளஸும் பொறுமைசாலிகள். குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தொடும் ஊர்களில் இந்தப் பொறுமைக்கு மதிப்பு அதிகம்.

பிலிமை விட முக்கியமானது கழுவும் விதம். வெளிச்சப் பகுதி மிகக் கருத்துப் போனால் அதற்குள் ஸ்கேனரின் ஒளி சரியாக நுழையாது. அதே சமயம், நிழலில் பதியாத விவரத்தை ஸ்கேனரும் தராது, தாளும் தராது. எனவே படம் எடுக்கும்போது ஒளியைத் தாராளமாகக் கொடுத்து, டெவலப் நேரத்தைப் பத்து சதவீதம்போலக் குறைப்பது இரண்டுக்கும் பொதுவான வழி. குறைந்துபோன கான்ட்ராஸ்ட்டை கணினியிலும் கூட்டலாம், மல்டிகிரேடு ஃபில்டராலும் கூட்டலாம்.

எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் சமபங்கு நீர் கலந்து கழுவ, 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் அது சுமார் 9 நிமிடமாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கழுவல் திட்டுத் திட்டாகலாம். கரைசல் பாத்திரத்தை ஐஸ் போட்ட வாளியில் வைத்துக் குளிர்விப்பது எளிய தீர்வு. உப்புத் தண்ணீர் ஊர்களில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கடைசியாக அலசினால் நெகடிவில் கறை படியாது. பிறகு ஸ்கேனரில் கையால் அழிக்க வேண்டிய புள்ளிகளும் குறையும்.

ஆக, பக்கத்தில் நம்பகமான கலர் லேப் இருந்து, பெரும்பாலும் ஸ்கேன் மட்டுமே போதும் என்பவர்களுக்கு எக்ஸ்பி2. வீட்டிலேயே கழுவி, பிடித்த படத்தைத் தாளிலும் பார்க்க விரும்புபவர்களுக்கு எச்பி5 பிளஸ் அல்லது டிரை-எக்ஸ். எதை எடுத்தாலும் மாதத்துக்கு ஒன்று மாற்றாமல் பத்துச் சுருளாவது அதிலேயே எடுத்துப் பார்ப்பது நல்லது. பிலிமின் குணம் அதற்குப் பிறகுதான் பிடிபடும்.