முற்றுப்பெறாத வேலையும் புத்தாண்டும்





ஆண்டின் கடைசி இரவில் ஆலயம் நிறைந்து வழிகின்றது. மற்ற நாட்களில் வராதவர்களும் அன்று வருகின்றனர். நன்றி வழிபாடு முடிந்து, நள்ளிரவு மணி ஒலித்து, திருப்பலி நிறைவேறியபின் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆயினும் அந்த மகிழ்ச்சியின் அடியில் பலருடைய நெஞ்சில் ஒரு பாரம் இருப்பதைப் பங்குப் பணியில் ஆண்டுதோறும் காண்கிறோம். கடன் அடையவில்லை, மகனுக்கு வேலை அமையவில்லை, வீடு பாதிச் சுவரோடு நிற்கின்றது, உடன்பிறந்தவரோடு பேச்சு இல்லை. இத்தனையையும் சுமந்துகொண்டு எதைப் புதிது என்று கொண்டாடுவது? இக்கேள்வியை விசுவாசக் குறைவு என்று தள்ளிவிடலாகாது. அதற்கு விடை தேடுவதே நம் கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சனவரி முதல் நாளுக்கென்று தனி ஆற்றல் எதுவும் கிடையாது. தமிழ் மக்கள் சித்திரை முதல் நாளை ஆண்டுப் பிறப்பாகக் கொண்டாடுகின்றனர். கிறிஸ்தவ நாடுகள் பலவற்றிலும் நெடுங்காலம், மங்கள வார்த்தைத் திருநாளாகிய மார்ச் 25ஆம் நாளே ஆண்டின் தொடக்கமாயிருந்தது. இங்கிலாந்து 1752இல்தான் சனவரி முதல் நாளுக்கு மாறியது. திருத்தந்தை 13ஆம் கிரகோரியார் 1582இல் நாள்காட்டியைத் திருத்தியபோது, அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் 15ஆம் நாள் ஆயிற்று. பத்து நாட்கள் ஏட்டிலிருந்து மறைந்தன. இறைவனின் பராமரிப்பிலிருந்து ஒரு நாழிகையும் மறையவில்லை. ஆகவே, நள்ளிரவு மணி அடித்தவுடன் துன்பங்கள் யாவும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவதும், ராசிபலனைப் புரட்டி வருங்காலத்தை அறிய முயல்வதும் கிறிஸ்தவனுக்கு அழகல்ல.

அப்படியானால் நமக்குரியது எது? நம் பெற்றோர் மறைக்கல்வியில் 'விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்' என்று மூன்று புண்ணியங்களை மனப்பாடம் செய்தனர். இன்று அவற்றையே 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறோம். நடுவில் உள்ள இந்த எதிர்நோக்கே புத்தாண்டின் புண்ணியம். நினைத்ததெல்லாம் நடக்கும் என்ற கணக்கு அதில் இல்லை. தொடங்கியவர் இறைவன், நிறைவேற்றுபவரும் அவரே என்ற உறுதி அதில் உண்டு.

திருச்சபை இதை எவ்வளவு நயமாகக் கற்பிக்கின்றது! டிசம்பர் 29ஆம் நாள் முதியவர் சிமியோனைப் பற்றியும், மறுநாள் கைம்பெண் அன்னாவைப் பற்றியும் நற்செய்தி வாசிக்கப்படுகின்றது. சிமியோன் கண்டது ஒரு கைக்குழந்தையை மட்டுமே. இயேசுவின் போதனையை அவர் கேட்டதில்லை; உயிர்ப்பைக் கண்டதும் இல்லை. எனினும் தொடக்கத்தைக் கண்டதே போதும் என்று அமைதியோடு விடைபெற ஆயத்தமானார். டிசம்பர் 31ஆம் நாளோ, யோவான் நற்செய்தியின் முதற்பகுதி. ஆண்டு முடிகின்ற நாளில் திருச்சபை வாசிப்பது ஆதியைப் பற்றி!

நம் ஊரிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தின் இராசகோபுரம் தெரிகின்றது. விஜயநகர மன்னர் காலத்தில் தொடங்கப்பட்ட அவ்வேலை அடித்தளத்தோடு நின்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்றுப்பெறாமலே கிடந்தது. 1979இல் அகோபில மடத்து சீயரின் முயற்சியால் மீண்டும் தொடங்கி, பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987 மார்ச் 25ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. நம் விசுவாசம் வேறு. ஆயினும் அயலாரின் பொறுமையிலிருந்து பாடம் கற்பது தாழ்வன்று. அடித்தளம் இட்டவன் உச்சியைக் காணவில்லை. அதனால் அவன் உழைப்பு வீணாயிற்றா?

மலையடிவாரத்துத் தெப்பக்குளத்தின் அருகே தூய வளனார் கல்லூரி நிற்கின்றது. இயேசு சபைக் குருக்கள் அதை 1844இல் தொடங்கியது நாகப்பட்டினத்தில். திருச்சிக்கு அது வந்தது 1883இல். கடலோரத்தில் விதைத்தவர்கள் காவிரிக்கரையில் விளைச்சல் வரும் என்று கனவு கண்டிருப்பார்களா?

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. எதிர்நோக்கையே கருப்பொருளாகக் கொண்ட யூபிலி ஆண்டைத் தொடங்கி, 2024 டிசம்பர் 24ஆம் நாள் தூய பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2025 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள், அவர் இறைவனடி சேர்ந்தார். 2026 சனவரி 6ஆம் நாள் அக்கதவை மூடியவர் திருத்தந்தை 14ஆம் லியோ. 1700ஆம் ஆண்டின் யூபிலியிலும் இவ்வாறே நடந்தது. 12ஆம் இன்னொசென்ட் காலத்தில் தொடங்கியதை 11ஆம் கிளமெண்ட் நிறைவு செய்தார். திறந்த கை வேறு, மூடிய கை வேறு; யூபிலியோ ஒன்றே.

குடும்பமும் இவ்வாறே. தந்தை தொடங்கியதை மகள் முடிக்கக்கூடும். தாய் கண்ணீரோடு வேண்டியது, அவள் மறைந்தபின் பேரப்பிள்ளையின் வாழ்வில் நிறைவேறக்கூடும். ஆகவே, முற்றுப்பெறாதவற்றைக் குறித்து வெட்கப்படவேண்டாம். அவற்றைக் கைவிடவும் வேண்டாம். புத்தாண்டின் முதல் வாரத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின், நின்றுபோன நற்காரியம் எது என்று வீட்டில் எல்லோரும் அமர்ந்து பேசுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும், நாளை அதைத் தொடரவேண்டியவர்கள் அவர்களே. கடனாயின், இவ்வாண்டு செலுத்தக்கூடிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பகையாயின், முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள். மறுமொழி இவ்வாண்டே வரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் முதல் வார்த்தையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க நமக்கு உரிமையில்லை. ஏனெனில் அந்த ஆண்டு நம் கையில் இல்லை.

சனவரி முதல் நாள் மரியன்னை இறைவனின் தாய் என்னும் பெருவிழா. 1968 முதல், திருத்தந்தை 6ஆம் சின்னப்பரின் விருப்பப்படி, உலக அமைதி நாளும் அதுவே. அன்றைய நற்செய்தியில் அன்னை எல்லாவற்றையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்திப்பதாகக் காண்கிறோம். முடிவு தெரியாத நிலையிலும் அன்னை குழந்தையைக் கீழே வைத்துவிடவில்லை.

அவ்வன்னை உங்கள் இல்லத்தையும், அதில் பாதியில் நிற்கும் ஒவ்வொரு நற்செயலையும் தம் திருமகனிடம் ஒப்படைப்பாராக. இறையாசீர் உங்கள்மேல் நிலைப்பதாக!